அய்யப்பனின் புது எஞ்சின்

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடிக்குச் சற்றுத் தெற்கே, நெடுஞ்சாலையின் இரைச்சல் ஒருபோதும் ஓயாத ஓரிடத்தில், பாஞ்சாலியின் இட்லிக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அந்த அறையில்தான் அவள் கணவர் அய்யப்பன் நாள்தோறும் லாரி ஓட்டினார். மேசைமேல் ஒரு கணினி. திரைக்குள் ஒரு சாலை. அந்தச் சாலையில் பத்துச் சக்கர லாரி ஒன்று. வெளியே உண்மையான லாரிகள் ஓசையிட்டுச் செல்ல, உள்ளே அவர் தமது லாரியை இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றிக்கொண்டிருப்பார்.

சொந்த ஊரான கெடாரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் கேப்பையும் விளைந்த காணி நிலத்தை அண்ணன்மார் பகிர்ந்துகொண்டபின், தமக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்பதை அறிந்து, 1993ஆம் ஆண்டு திண்டிவனத்தில் ஒரு லாரியில் கிளீனராக ஏறியவர் அவர். தார்ப்பாயின்மேல் உறங்கினார், சக்கரத்தைத் தட்டி, அதன் ஒலியைக் கேட்டே காற்றின் அளவை அறியப் பழகினார், பின்பு ஓட்டுநர் இருக்கையும் கிடைத்தது. வண்டி அவர் கைக்கு அடங்கியதைப்போல வாழ்வும் அடங்கியிருந்தது என்றே சொல்லவேண்டும். 2011இல் ஒரு மழைநாளில், ஓசூருக்கு அப்பால், எதிரே வழிதவறி வந்த வண்டிக்கு இடம்விட ஒதுங்கியபோது லாரி பாலத்தின் சுவரில் மோதியது. அப்போது கிளீனராக இருந்த அப்பாதுரை, நசுங்கிய கதவைக் கடப்பாரையால் பெயர்த்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையேறினான்.

உயிர் தங்கியது. வலக்காலும் தங்கியது. ஆனால் காலுக்குரிய உணர்வு அதைவிட்டு அகன்றுவிட்டது. அழுத்துகிறோமா இல்லையா என்று தனக்கே தெரியாத ஒரு காலை நம்பிப் பிரேக்கை எப்படி ஒப்படைப்பது? முதலாளி பழங்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். இருக்கைக்கு வேறொருவர் வேண்டுமே என்று அவர் தயங்கியபோது, அப்பாதுரையின் பெயரைச் சொன்னவர் அய்யப்பன்தான்.

அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் அவர் கடையின் பின்புறத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்தார். மகள் இளவரசி விழுப்புரத்துக் கல்லூரியில் கணினி படித்தாள். அவள் படிப்புக்காக வாங்கிய கணினியில் ஒருநாள் லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்றை ஏற்றித் தந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் சென்னையிலிருந்து திருச்சிவரையுள்ள சாலையையே அந்த ஆட்டத்துக்குள் அமைத்திருந்தான். அதில் பிரேக்கைக் கையாலேயே போடலாம். அய்யப்பன் விசைப்பலகையையே ஸ்டீரிங்காகப் பிடித்தார். திண்டிவனம் கடந்ததும் வாயும் திறந்துகொண்டது. ஓட்டும்போது பக்கத்திலிருக்கும் கிளீனரிடம் பேசிக்கொண்டே வருவது அவர் வழக்கம். மழைக்காலத்தில் எந்த வளைவில் நீர் தேங்கும், எந்த ஊருக்குள் மாடுகள் எந்த வேளையில் சாலையைக் கடக்கும், பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் எப்போது மூச்சை அடக்கவேண்டும் என்று, காலியான அறையை நோக்கி அவர் சொல்லிக்கொண்டே போனார். இளவரசி அதை ஆட்டத்தோடு சேர்த்துப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினாள்.

கேட்டவர்கள் பெரும்பாலும் ஓட்டுநர்கள். வண்டியை ஓரங்கட்டிய இடங்களில், கைப்பேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, இவர் குரலைக் கேட்டுக்கொண்டே உண்டார்கள். நாமக்கல்லில் ஆறேழு பேர் கூடி உட்கார்ந்து கேட்டதாக அப்பாதுரை தொலைபேசியில் சொன்ன நாளன்று, அய்யப்பன் உணவை மறந்து உட்கார்ந்திருந்தார். கால் ஏறமுடியாத சாலையில் அவர் குரல் ஏறிவிட்டது.

ஆயினும் அந்தக் கணினி பழையது. ஆட்டத்தை மட்டும் ஓட்டினால் ஒருவாறு ஓடும். பதிவையும் சேர்த்துத் தொடங்கிவிட்டால் திரை நின்று நின்று நகரும்; லாரி ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலுமாகப் பிரிந்துபோகும். ஆட்டம் விரிய விரியக் குறையும் முற்றியது. "அண்ணே, படம் திக்குது" என்று கேட்டவர்கள் எழுதினார்கள். பிறகு எழுதுவதையும் நிறுத்தினார்கள். கணினிக்கு மூளையாக இருக்கும் பிராசசர்தான் இரண்டு சுமையையும் ஒருங்கே தாங்க முடியாமல் தவிக்கிறது என்று இளவரசி கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. தன் சேமிப்பிலிருந்து புதியது வாங்கித் தருவதாகவும், இப்போது விட்டால் மறுபடி எப்போது முடியுமோ தெரியாது என்றும் அவள் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல அய்யப்பன் வாயெடுத்தார். அந்தச் சொல் வெளியே வரவில்லை.

எதை வாங்குவது என்பது பெரும் குழப்பமாயிற்று. வாரந்தோறும் விடுமுறைக்கு வரும் மகளும் தந்தையும், பிராசசர்களை ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசும் காணொளிகளைப் பார்த்தார்கள். ஒன்றில் வென்றது மற்றொன்றில் தோற்றது. ஒருவர் போற்றியதை இன்னொருவர் குப்பை என்றார். பச்சையும் சிவப்புமான கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அய்யப்பனுக்குத் தலை சுற்றியது. தம் வாழ்வின் ஒரே ஆசை, தமக்குப் புரியாத மொழியில், தமக்குப் புரியாத எண்களால் தீர்மானிக்கப்படுவதை அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் நேரிலேயே போய்க் கேட்டுவிடுவதென்று ஒரு சனிக்கிழமை, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, மகளோடு விழுப்புரத்துக்குப் பேருந்தேறினார்.

கடைக்காரர் அரங்கநாதன் பொறுமைசாலி. இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. விலையில் பெரிய வேற்றுமை இல்லை.

"வெறும் கேம் ஆடறதுக்குன்னா இதாங்க. நாலு கோருதான், ஆனா ஒவ்வொண்ணும் பறக்கும். ஆடற பசங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்கிக்கினு போறாங்க. அது ஆறு கோரு. தனித்தனியா பாத்தா கொஞ்சம் நிதானம். ஆனா வேலைய பிரிச்சிக்கினு செய்யும்."

கோர் என்றால் உள்ளே இருந்து உழைக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளும்படி இளவரசி அவருக்கு முன்பே விளக்கியிருந்தாள். அய்யப்பன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டிக்கினே பதிவும் பண்ணா, எதுங்க திணறும்?"

"மொத ஒண்ணுதாங்க திணறும்" என்றார் அரங்கநாதன்.

அவ்வளவு நாளாகப் புரியாதிருந்தது அய்யப்பனுக்கு அக்கணத்தில் விளங்கிவிட்டது. ஒன்று, வேகமான வண்டி. ஆனால் ஓட்டுநர் தனியாள். ஓட்டவும் வேண்டும், தார்ப்பாய் பறக்கிறதா என்று பின்னால் பார்க்கவும் வேண்டும், இடப்பக்கத்தில் புகும் இருசக்கர வண்டியையும் அவனே கவனிக்க வேண்டும். மற்றொன்று சற்று மெதுவானது. ஆனால் கிளீனரோடு போகிற வண்டி.

"ஆளு இருக்கிற வண்டியே குடுங்க" என்றார்.

அரங்கநாதனுக்கு அது விளங்கவில்லை. இளவரசி சிரித்துக்கொண்டே ஆறு கோர் உள்ளதைக் காட்டினாள். அதைப் பொருத்துவதற்கேற்ற மதர்போர்டு என்னும் பலகையையும் மற்றவற்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். கடையின் படிகளில் இறங்குவது அய்யப்பனுக்குத் தனி வேலையாகையால் அவர் முன்னதாகவே புறப்பட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளே கடைக்காரர் இளவரசியிடம், இந்த நிறுவனத்துப் பிராசசரின் அடிப்பக்கத்தில் ஊசிகள் வெளியே துருத்தி நிற்கும், விரல்கூடப் படக்கூடாது, பொருத்தும்வரை பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அய்யப்பனின் காதுக்கு எட்டவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இளவரசி வேலையைத் தொடங்கினாள். பழைய பலகையைக் கழற்றத் திருப்புளி சரியாகப் பிடிக்கவில்லை. சைக்கிள் கடையில் வேறொன்று வாங்கிவருகிறேன் என்று புறப்பட்டுப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் சாலையோரம் ஒரு லாரி வந்து நின்றது. அப்பாதுரை ஒரு கையில் பூசணிக்காயும் மறு கையில் மஞ்சள் பையுமாக இறங்கினான்.

கடையிலிருந்தே பாஞ்சாலி குரல் கொடுத்தாள். "யப்பா, அத இங்க ஒடைச்சி வைக்காத. துன்ன வர்றவன் வழுக்கி உழுந்தா உன் லாரிலதான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போவணும்."

"ரோட்டாண்டயே ஒடைக்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே வந்தான். "அண்ணே, புது எஞ்சின் வந்துக்குதாமே. பூசை போடாமலா எடுக்கப் போறீங்க?"

அய்யப்பன் மகிழ்ந்துபோனார். புதிய லாரியோ எஞ்சின் மாற்றிய பழைய லாரியோ எதுவாயினும், சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து அதை நசுக்கிக்கொண்டு ஏறாமல் அவர் தம் வாழ்நாளில் ஒரு வண்டியையும் எடுத்ததில்லை. அந்த வழக்கத்தை அப்பாதுரைக்குப் பழக்கியவரும் அவரே. ஆயினும் மகள் வந்துவிடட்டும் என்றார். நாலரை மணிக்கு இராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தானும் லாரியை எடுத்தாக வேண்டும் என்றான் அவன். பெட்டியை வாழையிலைமேல் வைத்தார்கள். அப்பாதுரை சந்தனத்தைக் குழைத்தவன் நிறுத்தினான்.

"டப்பாவுக்கா பொட்டு வைக்கறது? ஷெட்டுக்கு வச்ச பொட்டு வண்டிக்குச் சேருமாண்ணே?"

அது நியாயமாகவே பட்டது. அய்யப்பன் தம் கையாலேயே பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த கண்ணாடி போன்ற உறையைப் பிரித்து, அந்தச் சிறு சதுரத்தை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் வெள்ளித் தகடுபோல் பளபளத்தது. மறுபக்கத்தைத் திருப்பியவர் வியந்து நின்றார். நாற்றங்காலில் நெருங்கி எழுந்த பயிரைப்போலப் பொன்னிறத்தில் எண்ணற்ற ஊசிமுனைகள். இத்தனை நுண்மையும் தம் குரலைச் சுமப்பதற்காகவே வந்ததென்று எண்ணியபோது அவர் நெஞ்சு நெகிழ்ந்தது. இருவரும் கைகுவித்தார்கள். தகட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு அப்பாதுரை எலுமிச்சம்பழத்தை அரிந்து, குங்குமம் தடவி, ஒரு பாதியை இலைமேல் வைத்தான்.

"சக்கரம் ஏறணும்ல. உங்க கையாலயே ஏத்துங்கண்ணே."

விபத்துக்குப் பின் எந்த வண்டியின் முதல் ஓட்டமும் அவருக்கு வாய்த்ததில்லை. அய்யப்பன் பொன்முனைகள் கீழிருக்குமாறு அதனைப் பழத்தின்மேல் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். சாறு தெறித்தது. அப்பாதுரை கைகொட்டிச் சிரித்தான். ஈரத்தோடு வைக்கலாகாது என்று, லாரிக் கண்ணாடியைத் துடைக்கும் கைப்பழக்கத்தோடு, துண்டின் முனையால் அடிப்பக்கத்தை இப்படியும் அப்படியும் அழுந்தத் துடைத்து உறைக்குள் வைத்து மூடினார். சாலையோரம் பூசணிக்காய் உடைந்தது. லாரி நீண்ட ஒலி எழுப்பிக்கொண்டு புறப்பட்டது.

திருப்புளியோடு திரும்பிய இளவரசி முதலில் கற்பூர வாசனையைத்தான் கவனித்தாள். பெட்டியைத் திறந்தாள். பொட்டைப் பார்த்தாள். பின் மெல்லத் திருப்பினாள்.

"அப்பா, இத யாரு வெளிய எடுத்தது?"

"பூசை போட்டோம் பாப்பா. சித்தப்பா வந்திருந்தான்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏசியிருந்தால் அய்யப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ ஒவ்வொன்றாக, தாழ்ந்த குரலில், விளக்கினாள். அந்த ஊசிகள் ஒவ்வொன்றும் அதற்குரிய துளையில் நேராக இறங்கவேண்டும். ஒன்று சாய்ந்தாலும் உள்ளே போகாது. கடைக்காரர் முதலில் காட்டிய மற்ற நிறுவனத்துப் பெட்டியை வாங்கியிருந்தால், அடிப்பக்கம் மழமழவென்றிருக்கும். அதைத் துடைத்துப் போட்டிருக்கலாம். அய்யப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்து சாய்ந்த வயலைப்போல அந்தப் பொன்னிற நாற்று ஒரு மூலையில் படுத்துக் கிடந்தது.

பாஞ்சாலி தையலூசி கொண்டுவந்தாள். தாயும் மகளும் குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். உதவி செய்ய அய்யப்பனுக்கு ஒன்றுமில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரும்பாலானவை எழுந்தன. இரண்டு மட்டும் முறிந்து, தையலூசியோடு கையிலேயே வந்துவிட்டன. அப்படியும் பொருத்திப் பார்த்தார்கள். கணினிக்குள் இருந்த சிறு மின்விசிறி சுழன்றது, திரை இருண்டே இருந்தது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது இருண்டே இருந்தது.

மறுநாள் வேலைக்குத் திரும்புமுன் இளவரசி விழுப்புரத்துக்குப் போய் அதைக் கடையில் காட்டினாள். நடந்ததைப் பின்னர் தாயிடம் அவள் சொன்னதிலிருந்து அய்யப்பன் அறிந்தார். அரங்கநாதன் அதைக் கண்ணருகே கொண்டுபோய், பிறகு மூக்கருகே கொண்டுபோய், "எலுமிச்சம்பழ வாசனை வருதேம்மா" என்றாராம். "எங்க அப்பா லாரி டிரைவருங்க" என்றாளாம் இவள். அவர் சிரிக்கவில்லை. நிறுவனம் இதை மாற்றித்தராது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நெடுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது இளவரசி பழைய பலகையையும் பழைய பிராசசரையும் மறுபடி பொருத்திவைத்தாள். இனி ஆட்டத்தை ஓட்டலாம்; பதிவு செய்ய முடியாது. செய்தால் அதே திக்கல்தான். புதியது இப்போதைக்கு இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்பாதுரைச் சித்தப்பாவிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று மட்டும் அவள் சொன்னாள்.

"சொல்லக்கூடாது" என்றார் அய்யப்பன். "அழுத்தனது என் விரலு. ஆனா தெரிஞ்சிதுன்னா, அவன் ஸ்டீரிங்க புடிக்கும்போதெல்லாம் அது அவன் கைலதான் நிக்கும்."

ஒரு மாதம் கழிந்து ஒரு நண்பகலில் அப்பாதுரை வந்தான். சாப்பிட்டுக் கைகழுவியதும் நேரே அறைக்குள் வந்து அய்யப்பனின் பக்கத்தில், கிளீனர் இருக்கையில் அமர்வதைப்போல, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எஞ்சின் எப்படிண்ணே இழுக்குது?"

"நல்லா இழுக்குதுப்பா."

"அப்புறம் ஏன் ஒண்ணும் போடல? பசங்க கேட்டுக்கினே இருக்கானுங்க."

அய்யப்பன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "புது எஞ்சினாச்சே. கொஞ்ச நாளு மெதுவா ஓட்டிப் பழக்கணும்" என்றார். அதைவிடத் தகுந்த விடை அப்பாதுரைக்கு வேறொன்றும் இருந்திருக்க முடியாது. அவன் தலையசைத்தான். அவசரமில்லை என்றான். பிறகு, தன் முன்னால் ஒருமுறை ஓட்டிக்காட்டும்படி கேட்டான்.

ஆட்டம் மட்டுமென்றால் பழைய பிராசசர் தாங்கும். அய்யப்பன் திண்டிவனத்திலிருந்து லாரியை எடுத்தார். படம் தடையின்றி நகர்ந்தது. அப்பாதுரை கண்கொட்டாமல் பார்த்தான்; இந்த ஓட்டத்துக்கு முன் பழைய திக்கல் எங்கே என்று பெருமைப்பட்டான். அப்படியே மேசைமேல் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணே, ரெக்கார்டிங்க போடுங்க. நானும் ரெண்டு வார்த்த பேசறேன்."

பதிவைத் தொடங்கினால் அந்த நொடியே லாரி நின்றுவிடும். உண்மை திரையிலேயே தெரிந்துவிடும். அய்யப்பன் விசைப்பலகையில் ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டார். பதிவுக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை.

"பேசுப்பா" என்றார்.

அப்பாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டான். "எல்லா டிரைவருங்களுக்கும் வணக்கம். நான் அப்பாதுரை பேசறேன். இவருகிட்டதான் நான் கிளீனரா இருந்தேன். எனக்கு வண்டிய கத்துக் குடுத்தவரு. இவரு எறங்கிட்டாரு, இனிமே அவ்ளோதான்னு எவனாவது சொன்னான்னா நம்பாதீங்க. இதோ ஓட்டிக்கினுதான் இருக்காரு. நான் பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருக்கேன்." மேலும் ஏதோ சொல்ல வந்தவன் கூச்சப்பட்டு மைக்கைத் திருப்பி வைத்தான். கண்களைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"வந்துச்சாண்ணே?"

"வந்துடுச்சிப்பா."

"ஒரு தபா போட்டுக் காட்டுங்க. என் குரலு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்."

அய்யப்பன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி ஓடிக்கினு இருக்குதுல்ல. ஓரங்கட்ட எடம் வரட்டும்" என்றார்.

திரையில் லாரிகள் நிறுத்துமிடம் ஒன்று வந்தது. அதைக் கடந்து ஓட்டினார். சற்றுத் தொலைவில் இன்னொன்று வந்தது.